சி மொழியிற் கோப்பைப் படித்தலும் எழுதுதலும்

மின்சாரம் நின்ற கணத்திலே கணினி தன் நினைவகத்தில் வைத்திருந்த அனைத்தையும் மறந்துவிடுகின்றது. மறுநாட் காலை அது மீண்டும் இயங்கத் தொடங்கும்போது, நேற்று என ஒன்று இருந்ததாகவே அதற்குத் தெரியாது. இக்குறையைப் போக்குவதற்காக ஏற்பட்டதே கோப்பு. வட்டிலே ஒரு பெயரிட்டு வைக்கப்பட்ட எழுத்துத் தொகுதி அது. மின்சாரம் போயினும் அது போகாது. செய்நிரல் ஒன்று நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர வேண்டுமாயின், நேற்றே அது கோப்பில் எழுதியிருத்தல் வேண்டும்; இன்று அதனைத் திறந்து படித்தல் வேண்டும். சி என்னும் செய்நிரல் மொழியில் இவ்விரு செயல்களும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதும், நிகழ்ந்துவிட்டதாகத் தோற்றங்காட்டி நிகழாமற் போவது எவ்வாறு என்பதுமே இப்பேச்சின் பொருளாகும்.

கிராமத்து வாசிகசாலை ஒன்றை எடுத்துக்கொள்க. நூல் இரவல் பெறுவோரின் பெயர், நூலின் பெயர், கொடுத்த திகதி ஆகிய மூன்றையும் ஒரு வரியிலே குறித்துவைக்கும் பதிவேடு அங்கு உண்டு. கணினி பயிலும் மாணவன் ஒருவன் அப்பதிவேட்டைக் கணினிக்கு மாற்றித் தருவதாக முன்வருகின்றான். சி மொழியில் முப்பது வரிக்குள் ஒரு செய்நிரல் எழுதிவிடுகின்றான். முதல் நாள் பன்னிருவர் நூல் பெறுகின்றனர். கோப்பைத் திறந்து பார்த்தால் பன்னிரண்டு வரியும் ஒழுங்காக உள்ளன. மறுநாள் மூவர் வருகின்றனர். அவர்களையும் பதிந்துவிட்டுப் பார்த்தால், கோப்பில் மூன்று வரிகளே இருக்கின்றன. முதல் நாட் பன்னிரண்டும் போன இடம் தெரியவில்லை. செய்நிரலோ பிழை என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் வேலையை முற்றச் செய்து முடித்ததாகவே காட்டிற்று.

இதற்குக் காரணம் ஓர் எழுத்து. அவ்வெழுத்தைப் பற்றிச் சொல்லுமுன், சி மொழி கோப்பு என்பதை எவ்வாறு கருதுகின்றது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று.

சி மொழி பிறந்தது அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, மறே ஹில் என்னும் ஊரின் பெல் ஆய்வுகூடத்தில். அங்கே 1969ஆம் ஆண்டிற் கென் தொம்சன் என்பவர் யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சி என்பவர் 1972ஆம் ஆண்டை ஒட்டிச் சி மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் முறைமையே சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதற்கு முந்திய பெருங்கணினிகளிலே கோப்பு என்பது பெரும்பாலும் துளையிட்ட அட்டைகளின் அடுக்கை ஒத்திருந்தது. ஓர் அட்டையில் 80 எழுத்துக்கு இடம். ஆதலின் கோப்பின் ஒவ்வொரு பதிவும் இத்தனை எழுத்து நீளம், இத்தனை பதிவு ஒரு கட்டு என முன்கூட்டியே அறிவித்தல் வேண்டியிருந்தது. நாற்பது எழுத்து எழுதினாலும் எஞ்சிய நாற்பது இடமும் வெற்றிடமாக நிரப்பப்பட்டது.

யூனிக்ஸ் முறைமையை ஆக்கியோர் இவ்வேற்பாடுகளையெல்லாம் களைந்தனர். கோப்பு என்பது பைற்றுகளின் வரிசை, அவ்வளவே. பைற்று என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். அவ்வெண்கள் பெயரா, தொகையா, படமா என்பது முறைமைக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை. வரி என்பதுகூடக் கோப்பின் இயல்பன்று. 10 என்னும் எண்ணுடைய பைற்று எங்கு வருகின்றதோ அங்கு வரி முடிந்ததாகச் செய்நிரல்கள் தமக்குள் ஏற்றுக்கொண்ட வழக்கமே அது. சாவிப்பலகையும் திரையும் கூட இம்முறையிலே கோப்புகளாகவே கருதப்பட்டன. பிற்காலத்திலே கணினிக்கும் கணினிக்கும் இடையிலுள்ள இணைப்பும் அவ்வாறே கருதப்படலாயிற்று. அதனால் விளைந்த ஒரு கேடு பின்னர் வரும்.

முதற் சி மொழியில் எழுதவும் படிக்கவும் பொதுவான ஏற்பாடு இருக்கவில்லை. அதே ஆய்வுகூடத்து மைக் லெஸ்க் என்பவர், எக்கணினிக்கும் பொருந்துமாறு படித்தல் எழுதுதற்கான சார்புகள் சிலவற்றை ஒரு தொகுதியாக ஆக்கினார். அது திருத்தப்பெற்று இன்றைய நியம நூலகமாயிற்று. பிறையன் கேர்ணிகனும் ரிச்சியும் 1978இற் சி மொழி பற்றிய நூலை வெளியிட்டனர். 1989இல் அமெரிக்க நியமமும், 1990இல் உலக நியமமும் வந்தன. ஐம்பது ஆண்டு கடந்தும் அச்சார்புகள் பெரிதும் மாறவில்லை. இத்துறையில் வேறெதற்கும் இத்தகைய நீண்ட ஆயுள் வாய்த்தல் அரிது.

கோப்பைத் திறக்கும் சார்புக்கு எப்-ஓப்பின் என்று பெயர். அதற்கு இரண்டு செய்திகளைச் சொல்லுதல் வேண்டும். ஒன்று கோப்பின் பெயர். மற்றையது எந்நோக்குடன் திறக்கப்படுகின்றது என்பது. நோக்கத்தை ஆங்கில நெடுங்கணக்கின் ஓரெழுத்துக் குறிக்கின்றது. ஆர் எனின் படித்தற்கு. கோப்பு முன்பே இருத்தல் வேண்டும். ஏ எனின் இறுதியிற் சேர்த்தெழுதற்கு. கோப்பு இல்லையாயின் புதிதாக உண்டாகும், இருப்பின் பழையது அப்படியே இருக்கப் புதியது அதன் கீழே சேரும். டபிள்யூ எனின் எழுதுதற்கு. ஆயின் கோப்பு முன்பே இருப்பின் அதிலுள்ள அனைத்தும் முதலில் அழிக்கப்படும்.

இக்கடைசிச் செய்தியைப் பலர் அரைகுறையாகவே மனத்திற் கொள்கின்றனர். எழுதத் தொடங்கும்போது பழையது சிறிது சிறிதாக மறையும் என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கோப்பைத் திறந்த அதே கணத்தில், ஓரெழுத்தும் எழுதப்படுமுன்னரே, அதன் நீளம் பூச்சியமாகிவிடுகின்றது. திறந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் மூடினாலும் பழையது திரும்பாது. வாசிகசாலை மாணவன் தன் செய்நிரலில் இட்டது டபிள்யூ என்னும் எழுத்து. மறுநாள் அச்செய்நிரல் மீண்டும் ஓடியபோது, புதிய மூவரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே பன்னிருவரின் பதிவையும் துடைத்துவிட்டது. ஏ என்று இட்டிருந்தால் பதினைந்து வரியும் இருந்திருக்கும். தாளிலே எழுதிய பதிவேட்டை அழிக்க வேண்டுமாயின் ஒருவர் முயன்று கிழித்தல் வேண்டும். இங்கே அழித்தலே இயல்பாயும் காத்தல் கேட்டுப்பெற வேண்டுவதாயும் அமைந்தமை, மொழியை ஆக்கியோரின் குறை என்றே சொல்லத் தோன்றுகின்றது. 2011ஆம் ஆண்டின் நியமத்திலே டபிள்யூ என்பதனோடு எக்ஸ் என்னும் எழுத்தைச் சேர்த்து எழுத இடமளிக்கப்பட்டது. அவ்வாறு எழுதின், அப்பெயரிற் கோப்பு முன்பே இருப்பின் திறக்க மறுத்துவிடும். காலந் தாழ்ந்து வந்த நற்செயல் அது.

திறக்கும் முயற்சி தோற்பதும் உண்டு. பெயர் பிழையாக இருக்கலாம். திறக்க உரிமை இல்லாதிருக்கலாம். அவ்வேளையில் எப்-ஓப்பின் கூக்குரல் எழுப்புவதில்லை; வெறுஞ் சுட்டி ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு அமைதியாக இருந்துவிடும். அதனை நோக்காது மேற்செல்லும் செய்நிரல், இல்லாத கோப்பிலே படிக்கப் புகுந்து இடைநடுவில் வீழ்ந்துவிடும். சி மொழியின் சார்புகள் அனைத்துக்கும் இவ்வியல்பு பொது. தோல்வியை அவை மெல்லிய குரலிலே சொல்லும். கேட்பவர் கேட்கலாம், கேளாதார் விடலாம்.

இனிப் படித்தலைப் பார்க்கலாம். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தற்கு எப்-கெற்-சி என்னும் சார்பு உண்டு. அது தருவது எழுத்தாயிற்றே, எழுத்து மாறியில் வைத்துக்கொண்டால் என்ன என்று மாணவர் எண்ணுவது இயல்பு. ஆயின் அது முழுவெண்ணையே தருகின்றது. அதற்குத் தக்க காரணம் உண்டு. 0 முதல் 255 வரை எவ்வெண்ணும் கோப்பிலே வரக்கூடும். ஆதலின் கோப்பு முடிந்தது என்று அறிவிக்க இவற்றுள் அடங்காத வேறோர் எண் தேவை. பெரும்பாலும் சயம் ஒன்று, அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஒன்று, அதற்கு வழங்குகின்றது. இதனை ஒரு பைற்று இடமுள்ள மாறியிலே திணித்தால், மேசைக் கணினிகள் பலவற்றில் 255 என்னும் பைற்றும் முடிவுக் குறியும் ஒன்றாகிக் கோப்பு பாதியில் முடிந்ததாகத் தோன்றும். கைத்தொலைபேசிகளிற் பெரிதும் பயிலும் ஆம் வகைச் செயலிகளில், எழுத்து மாறி சய எண்ணைக் கொள்ளாதபடி அமைதல் வழக்கு. அங்கே முடிவுக் குறி ஒருபோதும் அறியப்படாமற் செய்நிரல் ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே செய்நிரல் ஓரிடத்தில் முந்தி முடிகின்றது, மற்றோரிடத்தில் முடிவதேயில்லை.

கோப்பின் முடிவைப் பற்றிப் பிறிதொரு மயக்கமும் உண்டு. முடிவு வந்துவிட்டதா என்று கேட்பதற்கு எப்-ஈ-ஓ-எப் என்னும் சார்பு இருக்கின்றது. முடிவு வராதிருக்கும் வரை வரி வரியாகப் படி என்று பலர் எழுதுகின்றனர். படிக்க நேர்மையாகவே இருக்கின்றது. ஆனாற் பதிவேட்டின் கடைசி வரி இரண்டு முறை அச்சாகும். பதினைந்து பேர் பதினாறாவர், பதினாறாமவர் பதினைந்தாமவரே. காரணம் யாதெனின், அச்சார்பு வருவதை முன்னறிந்து சொல்வதன்று, நடந்ததைச் சொல்வது. கிணற்றிலே நீர் வற்றியதை வாளியை இறக்கி வெறும் வாளியாக இழுத்தவனே அறிவான். அவன் வாளியை இறக்குமுன் கிணற்றைக் கேட்டாற் கிணறு என்ன சொல்லும்? கடைசி வரியைப் படித்து முடித்த நிலையிலும் முடிவுக் குறி இன்னும் எழவில்லை. அடுத்த முறை படிக்க முயன்று தோற்ற பின்னரே அது எழுகின்றது. அத்தோல்வியைக் கவனியாத செய்நிரல் பழைய வரியையே மீண்டும் அச்சிடுகின்றது. படிக்கும் சார்பு வெற்றி பெற்றதா என்பதையே சுற்றுக்கு நிபந்தனையாக்குதல் வேண்டும். எப்-ஈ-ஓ-எப் என்பதற்கும் வேலை இல்லாமலில்லை: தோல்விக்குப் பின், அது கோப்பு முடிந்ததாலா, வட்டுப் பழுதாலா என்று பிரித்தறிய அதனையும் எப்-எரர் என்பதனையும் கேட்டல் தகும்.

வரி வரியாகப் படித்தற்கு ஒரு காலத்திற் கெற்ஸ் என்னும் சார்பு வழங்கிற்று. வரியைக் கொண்டுவந்து வைப்பதற்கு நினைவகத்தில் ஓரிடத்தைக் காட்டினாற் போதும். அங்கே கொண்டுவந்து கொட்டிவிடும். அவ்விடம் எவ்வளவு பெரிது என்று அது கேட்பதில்லை. எண்பது எழுத்துக்கு இடம் ஒதுக்கிய இடத்தில் எண்ணூறு எழுத்து வந்தால், எஞ்சியவை அடுத்திருக்கும் நினைவகத்தின் மேல் வழிந்து அங்குள்ளதைச் சிதைத்துவிடும்.

இதன் விளைவை உலகம் கண்ட நாள் 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி. கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் என்பவர் தானே பரவும் செய்நிரல் ஒன்றை எழுதி, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கணினி ஒன்றிலிருந்து ஏவிவிட்டார். அது நுழைந்த வழிகளுள் ஒன்று, பயனாளர் பற்றிய விவரம் கூறும் பிங்கர் என்னும் சேவை. வலையமைப்பின் ஊடாக வரும் கேள்வியை அச்சேவை கெற்ஸ் சார்பினாலே படித்தது; அதற்கு ஒதுக்கிய இடம் 512 பைற்று. மொறிசின் செய்நிரல் அதனினும் நீண்ட வரியொன்றை அனுப்பிற்று. வழிந்த பைற்றுகள் கணினி அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்ற குறிப்பை மாற்றி, வந்த வரிக்குள்ளிருந்த கட்டளைகளையே நிறைவேற்றுமாறு செய்தன. ஏறத்தாழ 6000 கணினிகள் பீடிக்கப்பட்டன என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். மொறிஸ் 1990இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். பின்னாளில் அதே மசாசூசெற்ஸ் நிறுவகத்திற் பேராசிரியருமானார். கெற்ஸ் சார்போ மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நியமத்தில் வீற்றிருந்து, 2011இன் நியமத்திலேதான் நீக்கப்பட்டது.

அதற்குரிய இடத்தில் இன்று பயன்படுத்த வேண்டுவது எப்-கெற்ஸ். இடத்தின் அளவையும் இது கேட்டுக்கொள்ளும். நூறு என்றால் தொண்ணூற்றொன்பது பைற்றுக்கு மேற் படிக்காது. நூறாவது இடத்திலே முடிவைக் காட்டும் பூச்சியத்தை வைத்துவிடும். வரியிறுதிப் பைற்றையும் சேர்த்தே தரும். ஆதலின் கிடைத்த வரியின் ஈற்றில் அப்பைற்று இல்லையாயின், வரி முழுதும் வரவில்லை, எஞ்சியது இன்னும் கோப்பிலே காத்திருக்கின்றது என்று அறிந்துகொள்ளலாம். இல்லையேல் கோப்பின் கடைசி வரியாக அது இருத்தல் வேண்டும். எப்-ஸ்கான்-எப் என்னும் மற்றொரு சார்பும் உண்டு. சொல்லைப் படிக்குமாறு அதனிடம் கூறினால் வெற்றிடம் கண்ட இடத்திலே நின்றுவிடும். தந்தையின் முதலெழுத்தை முன்வைத்து இடம்விட்டுப் பெயரெழுதும் வழக்கமுடைய மக்களின் பதிவேட்டுக்கு அது பொருந்தாது. முதலெழுத்து ஒரு பெயராகவும் பெயர் நூலின் பெயராகவும் போய்விடும். முழு வரியையும் எப்-கெற்ஸ் கொண்டு படித்த பின், காற்புள்ளி கண்ட இடங்களிற் பிரித்துக்கொள்ளுதலே நன்று.

எழுதுதல் படித்தலினும் எளிதாகத் தோன்றும். உண்மையில் அதனினும் வஞ்சகமானது. எப்-பிரின்ற்-எப் என்னும் சார்பிடம் வரியைக் கொடுத்தால், எழுதிவிட்டேன் என்று இத்தனை எழுத்தென எண்ணிக்கையும் சொல்லும். ஆயின் அவ்வரி இன்னும் வட்டை அடைந்ததில்லை. வட்டில் எழுதுவது நினைவகத்தில் எழுதுவதை நோக்கப் பன்மடங்கு மெதுவானது. ஆதலின் சி மொழியின் நூலகம் வரும் வரிகளை ஓர் இடைத்தேக்கத்தில் நிரப்பிக்கொண்டு, அது நிறைந்த பின்னரே ஒருங்கே அனுப்புகின்றது. இத்தேக்கம் பல கணினிகளில் 4096 பைற்று அளவினது. வாசிகசாலைப் பதிவேட்டின் ஒரு வரி நூறு பைற்று எனக் கொண்டால், நாற்பது பேரின் பதிவு வட்டுக்குப் போகாமலே தேக்கத்தில் நிற்கக்கூடும். காலையிற் செய்நிரலைத் திறந்து மாலை வரை இயங்கவிட்டிருக்கும் வாசிகசாலையிலே மாலை நான்கு மணிக்கு மின்சாரம் போனால், அன்றைய நாள் முழுவதும் போய்விடும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தேக்கத்திலுள்ளதைத் தள்ளிவிட எப்-பிளஷ் என்னும் சார்பு உண்டு. எப்-குளோஸ் கோப்பை மூடும்போது அதனையும் உடன் செய்கின்றது. வட்டு நிரம்பியிருப்பின் அச்செய்தியும் பெரும்பாலும் இவ்வேளையிலேதான் வெளிப்படும். எப்-பிரின்ற்-எப் ஒவ்வொன்றும் வெற்றி என்று சொல்லியிருக்க, மூடும்போது எப்-குளோஸ் பூச்சியம் அல்லாத விடையொன்றைத் தந்து, முடியவில்லை என்று கூறுகின்றது. அவ்விடையைப் பார்ப்பவர் மிகச் சிலர். பாடநூல்கள் பலவும் பார்ப்பதில்லை. எப்-குளோஸ் வெற்றி பெற்ற பின்னும், பணிசெயல் முறைமை தன் நினைவகத்தில் அப்பைற்றுகளைச் சிறிது நேரம் வைத்திருக்கும். லினக்ஸ் முறைமையில் முப்பது வினாடியளவு வைத்திருத்தல் வழக்கு. உடனே வட்டில் இறங்கியாக வேண்டுமெனின் எப்-சிங் என்னும் கட்டளையை வேண்டுதல் தகும். அது சி நியமத்தைச் சேர்ந்ததன்று. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்கு உரியது.

நூல் திரும்பி வந்தால் அதனையும் குறித்தல் வேண்டுமே. பதிவேட்டின் நடுவிலுள்ள வரியில் ‘திரும்பியது’ என ஒரு சொல்லைச் சேர்க்க மாணவன் முயல்கின்றான். ஆர் என்பதனோடு கூட்டற் குறியை இட்டுத் திறந்தாற் படிக்கவும் எழுதவும் கூடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது எப்-சீக் என்னும் சார்பால் இடத்தை மீண்டும் குறித்துக்கொள்ளுதல் விதி. ஆயின் பைற்று வரிசையின் நடுவே புகுத்துதல் என்பது இல்லை. மேலெழுதுதல் ஒன்றே உண்டு. சேர்த்த சொல் அடுத்த வரியிலுள்ளவரின் பெயரைத் தின்றுவிடும். செய்யத்தக்கது வேறு. பழைய கோப்பைப் படித்தவாறே, வேண்டிய வரியை மாற்றி, அனைத்தையும் வேறு பெயருடைய புதிய கோப்பில் எழுதி, அது பழுதின்றி மூடப்பட்டதை உறுதி செய்த பின்னர், றீநேம் என்னும் சார்பாற் புதியதற்குப் பழையதன் பெயரைச் சூட்டுதல். யூனிக்ஸ் வழி முறைமைகளிலே இப்பெயர்மாற்றம் ஒரே கணத்தில் நிகழ்வது; செய்நிரல் இடையில் எங்கே வீழ்ந்தாலும் பழைய பதிவேடாவது புதிய பதிவேடாவது முழுமையாக இருக்கும். விண்டோசில், அப்பெயரிற் கோப்பு முன்பே இருப்பின் இச்சார்பு மறுத்துவிடும். அங்கு வேறு வழி நாடுதல் வேண்டும்.

விண்டோசுக்கு இன்னொரு தனி வழக்கமும் உண்டு. அதன் வரியிறுதி 10 என்னும் ஒரு பைற்றன்று. 13, 10 என்னும் இரண்டு. பழைய தொலைத்தட்டச்சிலே அச்சுத் தலையை இடப்பக்கம் கொண்டுவர ஒரு கட்டளையும், தாளை ஒரு வரி உயர்த்த மற்றொரு கட்டளையும் தேவைப்பட்டதன் எச்சம் அது. சி நூலகம் அங்கே இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும். லினக்சுக்குக் கொண்டுவரப்பட்ட விண்டோசுக் கோப்பிலே ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் 13 ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அப்பைற்றினால், ஒன்றுபோற் தோன்றும் இரு பெயர்கள் ஒன்றல்ல என்று கணினி சாதிக்கும்.

இதுவரை எழுத்து என்றும் பைற்று என்றும் வேறுபாடின்றிச் சொல்லப்பட்டது. ஆங்கிலத்திற்கு அது ஒக்கும், தமிழுக்கு ஒவ்வாது. இலங்கையிலே நெடுங்காலம் பயின்ற பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்க. அவ்வெழுத்துருவிலே ‘தமிழ்’ என்று தட்டினாற் கோப்பிலே சேர்வன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ஐந்து பைற்று, அவற்றுள் ஒன்றேனும் தமிழன்று. பாமினி இல்லாத கணினியிலே அக்கோப்பைத் திறந்தவர் கண்டது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமே. கோப்பு அழியவில்லை; ஆயினும் படிக்க இயலாது போயிற்று. அக்காலத்திற் தட்டிவைத்த மலர்களும் பதிவுகளும் எத்தனை இன்றும் மாற்றப்படாமற் கிடக்கின்றனவோ!

இன்று ஒருங்குறி வந்துவிட்டது. அதனைக் கோப்பில் எழுதுதற்குப் பெருவழக்காயுள்ள யூ-ரி-எப்-8 என்னும் முறையை வகுத்தவர் யூனிக்ஸ் தந்த அதே கென் தொம்சன். 1992ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்து மாலையொன்றில், நியூ ஜேர்சி உணவுச்சாலை ஒன்றிலே, தம் தோழர் றொப் பைக் உடனிருக்க, மேசையில் தட்டின் கீழ் விரிக்கும் தாளிலே அதனை வரைந்தார். அம்முறையில் தகர மெய் அகரமேறிய ‘த’ என்பது 224, 174, 164 என மூன்று பைற்று. ‘தமிழ்’ என்னும் சொல்லிற்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். மொத்தம் பதினைந்து பைற்று. ‘ஸ்ரீ’ என்னும் ஒன்றே பன்னிரண்டு பைற்றைக் கொள்ளும். இம்முறையின் சிறப்பு யாதெனின், தமிழெழுத்தின் பைற்றுகள் யாவும் 127க்கு மேற்பட்டன. வரியிறுதியான 10, சொல்லிறுதியான பூச்சியம், காற்புள்ளியின் 44 ஆகியவை ஒரு தமிழெழுத்தின் உள்ளே ஒருபோதும் வாரா. ஆதலின் தமிழை அறியாத காலத்தில் எழுதப்பட்ட எப்-கெற்ஸ், தமிழ் வரியின் முடிவைப் பிழையின்றிக் காண்கின்றது.

வரி, ஒதுக்கிய இடத்தினும் நீண்டுவிட்டால் மட்டும் இடர் நேரும். பன்னிரண்டு பைற்று இடத்திலே ‘தமிழ்’ என்பதைப் படிக்குமாறு கூறினால், பதினொரு பைற்றே வரும். முதல் ஒன்பதும் ‘தமி’ ஆகும். எஞ்சிய இரண்டும் ழகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு. திரையிலே அவ்விடத்தில் வினாக்குறி தாங்கிய ஒரு கட்டம் தோன்றும். இருபது எழுத்துள்ள பெயருக்கு இருபத்தொரு இடம் போதும் என்று ஆங்கிலக் கணக்கில் ஒதுக்கிய செய்நிரல்களினாலே தமிழ்ப் பெயர்கள் இவ்வாறு வால் அறுந்து போகின்றன. உயிர்மெய் ஒன்றிற்கு ஆறு பைற்று எனக் கொண்டு, இருபது எழுத்துக்கு நூற்றிருபதும், வரியிறுதிக்கும் பூச்சியத்துக்குமாக இரண்டும் ஒதுக்குதல் முறை. கிரந்த எழுத்து வருமாயின் இன்னும் வேண்டும். வெட்டியே ஆகவேண்டுமாயினும் வெட்டுமிடம் அறியலாம். 128 முதல் 191 வரையுள்ள பைற்று யாவும் எழுத்தின் இடைப்பகுதி. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224இலேயே தொடங்கும். ஈற்றிலிருந்து பின்னோக்கிச் சென்று 224ஐக் கண்டு, அதன்பின் இரண்டு பைற்றும் உளவா என்று பார்த்து, இல்லையேல் அங்கேயே வெட்டினால் உடைந்த எழுத்து எஞ்சாது. அதன் பின்னும் ஒரு சிறு கவனம் தேவை. வெட்டிய இடத்துக்கு அப்பால் நின்றது உயிர்க்குறியாயின், ‘தே’ என்பது ‘த’ ஆகும். கணினிக்கு அது பிழையன்று, பெயருக்குரியவர் மட்டுமே அதனைப் பிழை என்று அறிவார்.